தூங்குகிற வீட்டில் ஒரு கச்சேரி

அறுபதுகளின் நடுவில், ஒரு நவராத்திரி சமயத்தில் நெய்வேலி டவுன்ஷிப்பில் நடந்தது இது. அப்போது நான் எஸ்.எஸ்.எல்.சி.க்கு முந்தைய வகுப்பில் இருந்தேன். படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரன் என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம். பள்ளிக்கூடச் சாரணர் படையில் ஒரு குழுவுக்கு நான் லீடர். கழுத்தில் ஸ்கார்ஃப், சட்டைப் பையில் விசில், தோளில் சித்தப்பா மெட்ராஸிலிருந்து வாங்கி வந்து கொடுத்த பெட்டி கேமரா. இத்தனையும் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போனால் டவுன்ஷிப் முழுக்க என்னைத்தான் பார்க்கிறது என்று எனக்கு நினைப்பு. நிஜத்தில் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

என் கேமராவை மதித்த ஒரே ஆள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாமாதான். சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பம். சுரங்கம் வந்த புதிதில் கான்ட்ராக்டில் மண் சுமந்து, பிறகு பம்ப் வேலையில் பெர்மனன்ட் ஆனவர். நான் படம் எடுக்கப் பழகிய நாட்களில் சலிக்காமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்பார். முதல் படத்தில் அவர் தலையே வரவில்லை. அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சைக்கிளு நல்லா வந்துருக்குது தம்பி" என்று தட்டிக்கொடுத்தார். அப்படிப்பட்ட மனுஷன்.

அவருக்கு ஒரே பெண். எனக்கு அக்கா. கூடப் பிறக்கவில்லையே தவிர, என் காதைத் திருகுவது வரைக்கும் எல்லா உரிமையும் அவளுக்கு இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் பிரேயர் பாடியதைக் கேட்ட பாட்டு டீச்சர் ஒருவர், தானாகவே வீட்டுக்கு வந்து மாமாவிடம் கேட்டு அழைத்துக்கொண்டுபோய்ச் சொல்லிக்கொடுத்தார். மாமாவுக்குச் சங்கீதத்தில் ஸரிகமகூடத் தெரியாது. ஆனால் மகள் பாடுகிறாள் என்பதில் அவருக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அப்பப்பா! டீக்கடையில் யார் மாட்டினாலும் பிடித்துவைத்துச் சொல்வார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டை அவர் முழுசாக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

காரணம் ஷிப்ட். முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று வாரத்துக்கு வாரம் மாறும். டூட்டி முடித்து வந்த ஆள் தூங்கினால் அந்த வீட்டில் மூச்சுக்கூடக் கேட்கக் கூடாது. பாத்திரத்தைத் துணி விரித்து அதன் மேல் வைப்பார்கள். குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுவார்கள். நாங்களும் அந்த வீட்டைத் தாண்டும்போது சைக்கிள் மணியை உள்ளங்கையால் பொத்திக்கொள்வோம். மாமா வீட்டில் இருந்தால் தூங்குவார், விழித்திருந்தால் வேலையில் இருப்பார். சாயங்காலம் அவர் ஓய்வாக இருக்கிற வாரத்தில் அக்கா டீச்சர் வீட்டுக்குப் போய்விடுவாள். மாமா டூட்டிக்குப் போன நேரத்திலும் அக்கம்பக்கத்தில் யாராவது ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் அக்கா வீட்டில் பாடுவதெல்லாம் உதட்டுக்குள்ளேயேதான்.

ஒரு தடவை முத்தாண்டிக்குப்பம் பக்கத்து முந்திரித் தோப்பில் எங்களுக்குச் சாரணர் முகாம். ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாட அக்காதான் ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். மாமா உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததால் கிசுகிசுப்பாகச் சொல்லிக்கொடுத்தாள். நாங்கள் அந்தப் பாட்டே அப்படித்தான் போலிருக்கிறது என்று முகாமிலும் கிசுகிசுத்தோம். எங்கள் சாரணர் மாஸ்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏன்டா, பாடறீங்களா, திருடப் போறீங்களா?" என்று கேட்டார். ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகள் பாடினால் அப்படித்தான் இருக்கும்.

அந்த வருஷ நவராத்திரிக்குப் பிள்ளையார் கோயில் பந்தலில் அக்காவின் முதல் கச்சேரிக்கு டீச்சர் ஏற்பாடு செய்தார். முதல் கச்சேரி என்ன, கடைசிக் கச்சேரியும் அதுதான். தையில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தான். ஆனால் பாட்டெல்லாம் வீட்டோடு இருக்கட்டும், மேடை வேண்டாம் என்று நிச்சயதார்த்தத்தன்றே சொல்லிவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. இந்த ஒரு கச்சேரிக்கு ஒத்துக்கொண்டார்களே, அதுவே பெரிசு என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

மாமாவுக்கு அன்றைக்கு இரண்டாம் ஷிப்ட். மத்தியானம் போனால் ராத்திரிதான் வருவார். இன்னொருவரிடம் சொல்லி மாற்றிக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்குச் சரியாக முந்தின நாள் பார்த்து ஜுரம் வந்து தொலைத்தது. மழை பிடிக்கிற நேரம் வேறு. எங்கள் ஊரில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். அதை ராப்பகலாக பம்ப் வைத்து எடுத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் ஆள் இறங்க முடியும். மாமா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நாம லீவு போடலாம், தண்ணி லீவு போடுமா? அது ஏறிக்கினேதான் இருக்கும். நீ நல்லதா ஒரு போட்டோ புடிச்சிடு. நான் அதுல பாத்துக்கறன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.

கச்சேரிக்கு எங்கள் சாரணர் குழுதான் தொண்டர்கள். ஜமக்காளம் விரித்தது, செருப்புக்குக் காவல் நின்றது, தண்ணீர் கொடுத்தது எல்லாம் நாங்கள். பெட்டி கேமராவுக்கு வெயில் வேண்டும், பல்பு வெளிச்சமெல்லாம் அதற்குப் போதாது. டீச்சரிடம் கெஞ்சிக் கூத்தாடி, வெயில் இறங்குவதற்கு முன்பே ஆரம்பிக்க வைத்தேன். அரக்குப் பட்டுப் புடவையில், மடியில் தம்புராவோடு அக்கா உட்கார்ந்தாள். டீச்சரே வயலின். மிருதங்கம், பவர் ஹவுஸில் வேலை பார்த்த ஒரு கும்பகோணத்துக்காரர். அக்கா தொண்டையைத் திறந்தாள். நான் கேமராவைக் கீழே இறக்கிவிட்டேன். உதட்டுக்குள் பாடுகிற அக்காவை மட்டும்தானே எனக்குத் தெரியும். இந்தக் குரல் இத்தனை நாள் எங்கே இருந்தது? அப்புறம் மாமா ஞாபகம் வந்து, அவசரம் அவசரமாக, வெளிச்சம் இருக்கும்போதே ரோலை முடித்தேன்.

வழக்கமாக ஃபிலிமைப் பண்ருட்டி ஸ்டூடியோவில் கொடுத்தால் கழுவி வர நாளாகும். மாமாவுக்கு அவ்வளவு பொறுமை ஏது? மறுநாள் டூட்டிக்குப் போவதற்குள் பார்த்தாக வேண்டும் என்றார். ஸ்டூடியோக்காரர் செய்வதைப் பார்த்துப் பார்த்து நானே வீட்டில் கழுவக் கற்றுக்கொண்டிருந்தேன். குளியலறைதான் இருட்டறை. கதவில் கறுப்புக் கம்பளி. வெளியே அம்மா, "ஏல, குளிக்குத எடத்த எவ்வளவு நேரம்ல அடச்சிட்டு கெடப்ப?" என்று சுத்தத் திருநெல்வேலியில் கத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் சுடும். பூமிக்கு அடியிலிருந்து மாமா மாதிரி ஆட்கள் இறைத்துவிடுகிற அதே தண்ணீர்தான் குழாயில் வரும், சில நேரம் நல்ல சூடாகவே வரும். மார்கழியில்கூட வெந்நீர் போட வேண்டாம் என்று வெளியூர் விருந்தாளிகளிடம் பீற்றிக்கொள்வோம். ஆனால் ஃபிலிமுக்குச் சூடு ஆகாது. அதன் மேல் ஒரு மருந்துப் பூச்சு இருக்கும். படமே அதில்தான் இருக்கிறது. சூட்டில் அது இளகிவிடும். அதற்காகவே முந்தின நாளே மண்பானையில் தண்ணீர் பிடித்துக் குளிர வைத்திருந்தேன்.

எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. கம்பளியை விலக்கி, மாமாவை உள்ளே கூப்பிட்டு, ஈர ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். ஃபிலிமில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் தெரியும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? "என்னா தம்பி, எம்பொண்ணுக்குத் தலையெல்லாம் நரைச்சிக்கினு, மூஞ்சி கரியா இருக்குது?" என்று பதறினார். பிரிண்ட் போட்டால் சரியாகிவிடும் மாமா, இன்னும் அலச வேண்டும் என்று சொல்லிவிட்டு, காயப்போடக் கிளிப் எடுக்க என் அறைக்குப் போனேன்.

திரும்பி வந்தால், குழாய் முழுசாகத் திறந்திருக்கிறது. மாமா ஃபிலிமைத் தண்ணீருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மகள் முகத்துக் கரியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பாவம், பானைத் தண்ணீரில் அலசினால் மருந்துக் கறை எங்கே போகும் என்று நினைத்துவிட்டார். "போவுது தம்பி, கறை போவுது" என்று சந்தோஷமாக வேறு சொன்னார். பால் மேல் படிகிற ஆடை மாதிரி பூச்சு மொத்தமும் சுருண்டு வழுக்கித் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையில் மிச்சம் இருந்தது வெறும் கண்ணாடித் தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. நல்லவேளை, அதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. முகம் செத்துப்போய்விட்டது. அப்படியே குளியலறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "இந்தத் தண்ணிய எறைக்கத்தான தம்பி நேத்து நான் போனன். அதே தண்ணி வந்து எம்பொண்ண அழிச்சிட்டுப் போயிடுச்சே" என்றார். ஷிப்ட் சங்கு ஊதியது. எழுந்து, டிபன் கேரியரைக்கூட எடுத்துக்கொள்ளாமல் டூட்டிக்குப் போய்விட்டார்.

அக்காவிடம் சொன்னேன். அவளுக்குப் போட்டோ போனதைப் பற்றிக் கவலையில்லை. அப்பா சாப்பிட்டாரா என்றுதான் கேட்டாள். சாப்பிடவில்லை என்றதும் பொலபொலவென்று அழுதாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கச்சேரியைத் திரும்ப நடத்த முடியாது. போட்டோவைத் திரும்ப எடுக்கலாமே! அதே புடவை, அதே ஜமக்காளம், அதே ஆட்கள். பாடுகிற மாதிரி உட்கார்ந்து வாயைத் திறந்தால் போதாதா?

நிச்சயமான பெண் பட்டுக் கட்டிக்கொண்டு மறுபடியும் கோயில் மைதானத்தில் போய் உட்காருவதா என்று அக்காவின் அம்மா கண்டிப்பாக மறுத்துவிட்டார். சரி, வீட்டுப் பின்பக்கத் தோட்டத்திலேயே வைத்துக்கொள்வோம் என்று முடிவானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த வாரம் மாமாவுக்கு ராத்திரி ஷிப்ட், காலையில் வந்து படுத்துவிடுவார். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தூங்காமல் கொள்ளாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார், ராத்திரி மறுபடியும் பம்ப் முன்னால் நிற்க வேண்டுமே என்று அக்கா பயந்தாள். ஆகவே சத்தமில்லாத கச்சேரி.

சத்தமில்லாத வேலையில் எங்களை யார் மிஞ்ச முடியும்? சாரணர் தடிகளைக் கயிற்றால் கட்டி மேடைக்குப் பந்தல் கால்கள் நட்டோம். விசிலுக்குத் தடை போட்டேன். தெருமுனையில் ஒருவன், மாமா தூங்குகிற அறை ஜன்னலோரம் ஒருவன் என்று காவல் வைத்தேன். கொடியசைத்துச் சேதி சொல்ல எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள், அதிலேயே பேசிக்கொண்டோம். மாமா குறட்டை விடுகிறார் என்பதை ஜன்னல்காரன் எழுத்தெழுத்தாக அசைத்து முடிப்பதற்குள் அவர் குறட்டையே நின்றுவிட்டது. கும்பகோணத்துக்காரர் மிருதங்கத்தின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, "வாசிக்காம இருக்கறதுக்குன்னு என்னைக் கூட்டிண்டு வந்த மொத ஆள் நீதான்டா" என்று என்னைப் பார்த்து முணுமுணுத்தார்.

நான் கேமராவுக்குள் குனிந்து பார்த்து, வாயைத் திற அக்கா என்று ஜாடை காட்டினேன். திறந்தாள். பாடாமல் திறந்த வாய் கொட்டாவி மாதிரி இருந்தது. மூடித் திறக்கச் சொன்னேன். பல்வலிக்காரி மாதிரி இருந்தது. டீச்சருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. சரி, உதட்டுக்குள்ளேயே கொஞ்சம் பாடு என்றார். அக்கா மெல்ல ஆரம்பித்தாள். பந்தலில் பாடிய அதே பூர்விகல்யாணி. அது சாயங்கால ராகமாம். "காலங்காத்தால இதையா பாடுவே?" என்று டீச்சர் கிசுகிசுத்தார்.

"அப்பாவுக்கு இப்பதானே டீச்சர் ராத்திரி" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு, மூடியிருந்த ஜன்னலைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. சின்ன வயதிலிருந்து அந்த ஜன்னலுக்காகக் குரலை விழுங்கி விழுங்கி வளர்ந்தவள். தையில் அந்த வீட்டை விட்டே போகப்போகிறவள். என்ன நினைத்தாளோ, அடுத்த வரியில் குரலைத் திறந்துவிட்டாள். பந்தலில் பாடிய அதே குரல். இல்லை, அதைவிடப் பெரிசு. மிருதங்கத்தின் மேல் கிடந்த துண்டு எப்போது பறந்ததென்று தெரியவில்லை. டீச்சரின் வில்லும் சும்மா இருக்கவில்லை. நான் கையை ஆட்டுகிறேன், வாயில் விரலை வைக்கிறேன், யார் பார்க்கிறார்கள்? ஜன்னல்காரன் இரண்டு கொடியையும் தாறுமாறாக வீசினான். எந்தப் பாடத்திலும் இல்லாத சைகை அது. ஆனால் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. மாமா எழுந்துவிட்டார்.

பின்கதவு திறந்தது. பனியனோடு, அவிழ்ந்த கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து நின்றார். அக்கா சட்டென்று நிறுத்திவிட்டாள். பழக்கம் அப்படி. "எழுப்பிட்டேனாப்பா?" என்றாள். குரல் மறுபடி உதட்டுக்குள் போயிருந்தது.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்றார் மாமா. கதவோரப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். "நாந்தான் இத்தினி வருசமா தூங்கிக்கினே இருந்துட்டன். நீ பாடும்மா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடினாள். பந்தலில் பாடிய அத்தனையும், முதலிலிருந்து, ஒன்று விடாமல். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அக்கம்பக்கத்து ஆட்கள் சிலர் "எவன்டா அது?" என்று கோபமாகத்தான் வந்தார்கள். வந்தவர்கள் வேலியோரம் நின்றார்கள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். நவராத்திரிக் கச்சேரிக்கு வர முடியாதவர்கள்தானே அவர்களும். மாமா தொடையில் தாளம் போட்டார். தாளம் ஒரு பக்கம் போனது, பாட்டு ஒரு பக்கம் போனது. கும்பகோணத்துக்காரர் அந்தப் பக்கமே பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். கடைசிப் பாட்டு முடிந்ததும் மாமா கை தட்டவில்லை. எழுந்து வந்து அக்காவின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் அழுகிறார் என்று தெரிந்ததும் நாங்கள் எல்லோரும் கயிற்று முடிச்சை அவிழ்க்கிற மாதிரி குனிந்துகொண்டோம். எனக்கு முடிச்சே கண்ணுக்குத் தெரியவில்லை.

படம் எடுத்தேனா என்று கேட்பீர்கள். எடுத்தேன். ஃபிலிமை மரியாதையாகப் பண்ருட்டிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டி கேமராவில் ஒரு படம் எடுத்ததும் ஃபிலிமை நாமேதான் திருகிவிட வேண்டும். பாட்டு மயக்கத்தில் அது மறந்துபோய், மேடையில் அக்காவையும் படியில் மாமாவையும் ஒன்றின் மேல் ஒன்றாக எடுத்துவைத்திருந்தேன். பார்த்தால், கசங்கிய பனியனோடு மாமா மேடையிலேயே, அக்காவின் தம்புராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. மற்ற படங்கள் நன்றாக இருந்தும் அக்கா அந்த ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டாள். கல்யாணமாகிப் போன வீட்டில் கூடத்தில் மாட்டியிருந்தாள். யாராவது கேட்டால், "எங்கப்பா என் கச்சேரிக்கு வந்தப்ப எடுத்தது" என்பாளாம். அதற்கப்புறம் அவள் மேடை ஏறவேயில்லை.

அன்று ராத்திரி டூட்டிக்குப் போய்வந்த மாமாவிடம், தூக்கம் கெட்டுப்போச்சே மாமா, கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன். "போ தம்பி, பம்ப்பு ஓடுற சத்தமே தம்புரா மாதிரி கேட்டுக்கினு இருந்துச்சு" என்றார்.

நானும் பிறகு அதே ஊரில் ஷிப்ட் வேலைக்குத்தான் போனேன். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து படுத்தால், என் மனைவி கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளை அதட்டப் போவாள். கதவைத் திறந்தே வை, யாரும் வாயை மூட வேண்டாம் என்பேன். பாடட்டும், சண்டை போடட்டும், ஒப்பிக்கட்டும், எல்லாம் என் காதில் விழட்டும். தூக்கத்தை இன்னொரு நாள் தூங்கிக்கொள்ளலாம், பிள்ளைகளின் குரல் ஒரு வீட்டில் கொஞ்ச காலம்தான் இருக்கும் என்பது, படியில் உட்கார்ந்து தப்புத் தாளம் போட்ட அந்த மாமாவைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று.